தூசியில் இருப்பது என்ன? வீட்டு ஒவ்வாமைக் காரணிகளைக் குறைக்க ஓர் அறிமுகம்

காலையில் கண் விழித்ததும் அடுக்கடுக்காகத் தும்மல் வரும், மூக்கில் நீர் வடியும், கண் அரிக்கும். வெளியே கிளம்பிச் சென்ற சிறிது நேரத்தில் எல்லாம் தணிந்துவிடும். இரவு படுக்கையில் சாய்ந்ததும் மூக்கு மீண்டும் அடைத்துக்கொள்ளும். தொல்லை இந்த ஒழுங்கில் வருகிறதென்றால், அதற்கான காரணம் வீட்டுக்குள்ளேயே, அதிலும் படுக்கையறைக்குள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம். இப்படி அவதிப்படுகிறவர்களுக்குப் பலரும் சொல்லும் அறிவுரை, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அது தவறான அறிவுரை அல்ல என்றாலும், அதை மட்டும் நம்பி உழைக்கிறவர்களில் பலர் ஏமாற்றமே அடைகிறார்கள். நாள்தோறும் பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று வைத்திருக்கும் வீட்டிலும் மெத்தைக்குள் ஒவ்வாமைக் காரணிகள் மண்டிக் கிடக்கலாம். பெருக்குகிற வேலையே அவற்றைக் கிளப்பிவிட்டு மூக்கில் ஏற்றலாம். எது நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அது எங்கே தங்குகிறது, எப்படிக் காற்றில் ஏறுகிறது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு செய்யும் அளவான வேலை, தெரியாமல் செய்யும் பெருவேலையைவிட அதிகப் பலன் தரும்.

உடல் ஏன் எதிர்க்கிறது?

ஒவ்வாமைக் காரணி என்பது நஞ்சு அல்ல. பெரும்பாலும் அது ஏதோ ஓர் உயிரினத்திலிருந்து வரும் சாதாரணப் புரதம். பெரும்பாலானோருடைய உடல் அதைக் கண்டுகொள்வதே இல்லை. சிலருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் மட்டும் அந்தப் புரதத்தைப் பகையாகக் கருதி, இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்பொருளை அதற்கென்றே உருவாக்கி வைத்துக்கொள்கிறது. இந்த எதிர்ப்பொருள் மூக்கு, கண், மூச்சுக்குழாய், தோல் ஆகியவற்றிலுள்ள, மாஸ்ட் செல்கள் எனப்படும் நோய் எதிர்ப்பு செல்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே புரதம் மறுபடி வந்து அதன்மேல் பட்டதும் அந்த செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை வெளியே கொட்டுகின்றன. தும்மலும் அரிப்பும் நீர்வடிதலும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கி இழுப்பு வருவதும் இதன் விளைவே. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும் ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிச் ஆகியோரும் தனித்தனியே நடத்திய ஆய்வுகளில் இந்த எதிர்ப்பொருள் அடையாளம் காணப்பட்டது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, ஒவ்வாமை ஆளுக்கு ஆள் வேறுபடும். பூனையிடம் ஒவ்வாமை கொண்ட ஒருவருக்கு மெத்தை உறை வாங்கிக் கொடுத்தால் பெரிய பயன் இருக்காது. இரண்டாவது, காரணியை முழுவதுமாக ஒழிக்க முடியாவிட்டாலும், உடலுக்குள் செல்லும் அளவைக் கணிசமாகக் குறைத்தாலே தொல்லை தணிய வாய்ப்பு உண்டு.

ஆகவே, வீட்டை மாற்றத் தொடங்கும் முன், காரணி எது என்று கண்டுபிடிப்பதுதான் சரியான வரிசை. மருத்துவர் செய்யும் தோல் குத்துப் பரிசோதனையில், பலவகைக் காரணிகளின் சாறு ஒவ்வொரு துளியாக முன்கையிலோ முதுகிலோ இடப்பட்டு, அந்த இடத்தில் தோல் மெல்லக் கீறப்படும். ஒத்துக்கொள்ளாத காரணி இருந்த இடத்தில் சுமார் 15 முதல் 20 நிமிடங்களுக்குள் கொசுக்கடிபோலத் தடிப்பு எழும். அந்தந்தக் காரணிக்கு எதிரான எதிர்ப்பொருளை இரத்தத்தில் அளக்கும் பரிசோதனையும் உண்டு. பரிசோதனையில் ஒன்று தென்பட்டாலே அதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தக் காரணியை எதிர்கொள்ளும்போது உண்மையிலேயே தொல்லை வருகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார். எந்த அறையில், எந்த நேரத்தில், எந்த வேலை செய்யும்போது தும்மலோ இழுப்போ வருகிறது என்று சில வாரங்கள் குறித்து வைத்துக்கொண்டு போனால் அந்த முடிவு எளிதாகும்.

தூசி உண்ணியும் படுக்கையும்

வீட்டுத் தூசி பட்டால் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பது மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்திருந்தது; தூசியில் இருக்கும் எந்தப் பொருள் அப்படிச் செய்கிறது என்பதுதான் புதிராக இருந்தது. நெதர்லாந்தின் லைடன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் அடங்கிய குழு, டெர்மட்டோஃபேகாய்டஸ் என்னும் நுண்ணிய உண்ணிதான் அதன் மூலம் என்று 1964இல் எடுத்துக்காட்டியது. சிலந்தியின் இனத்தைச் சேர்ந்த, எட்டுக் கால்கள் கொண்ட இந்த உயிரியின் நீளம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். உடலும் ஏறக்குறைய நிறமற்றது என்பதால், மெத்தைமேல் ஊர்ந்தாலும் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. இது கடிப்பதில்லை, இரத்தம் உறிஞ்சுவதில்லை. நம் தோலிலிருந்து நாள்தோறும் உதிரும் செதில்களைத் தின்று, இரண்டு மூன்று மாதங்கள் வாழ்ந்து மடிகிறது.

நமக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் அதன் கழிவுதான். ஓர் உண்ணி ஒரு நாளில் சுமார் 20 கழிவு உருண்டைகளை இடுகிறது. ஒவ்வோர் உருண்டையும் ஏறத்தாழ 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுடையது. மெல்லிய படலம் ஒன்று அதைச் சுற்றியிருக்கும். அந்த உருண்டைக்குள் டெர் பி 1 என்று பெயரிடப்பட்ட செரிமான நொதி அடங்கியிருக்கிறது. புரதங்களை அறுப்பதே அந்த நொதியின் வேலை. ஈரமான மூக்குச் சவ்வின் மேல் உருண்டை வந்து ஒட்டியதும் நொதி கரைந்து வெளிப்பட்டு, சவ்வின் செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் இணைப்புகளையே தளர்த்தி, உள்ளே செல்லத் தனக்கு வழி ஏற்படுத்திக்கொள்கிறது. பிற புரதங்களைவிட இது எளிதில் ஒவ்வாமையைத் தூண்டுவதற்கு இந்த இயல்பும் ஒரு காரணம்.

இந்த உருண்டைகள் ஓரளவு கனமானவை. அமைதியான அறையின் காற்றில் அவை ஏறக்குறைய இருப்பதே இல்லை. போர்வையை உதறும்போதும் தலையணையைத் தட்டும்போதும் மெத்தையில் புரளும்போதும் எழும்பி, அரைமணி நேரத்துக்குள் பெரும்பாலும் கீழே படிந்துவிடும். எனவே, தூசி உண்ணியைப் பொறுத்தவரை காற்றைச் சுத்தம் செய்வதைவிட, அவை படிந்திருக்கும் துணியையும் மெத்தையையும் கவனிப்பதே பயன் தரும். ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் முகத்தை அழுத்தி வைத்திருக்கும் தலையணை இந்தப் பட்டியலில் முதலில் வரும். உதிர்ந்த தோல் உணவாகவும், உடலின் சூடு கதகதப்பாகவும், வியர்வையும் மூச்சும் ஈரமாகவும் அமைந்து, உண்ணிக்கு வேண்டிய அனைத்தும் படுக்கை ஒன்றிலேயே கூடியிருக்கின்றன.

செலவழிக்க ஓரளவு பணமும் உழைப்பும் மட்டுமே இருக்கிறதென்றால், தூசி உண்ணி ஒவ்வாமை உறுதியான ஒருவர் அதைப் படுக்கையில்தான் முதலில் செலவிட வேண்டும் என்பதே என் கருத்து. மெத்தைக்கும் தலையணைக்கும் ஒவ்வாமைத் தடுப்பு உறை என்று விற்கப்படும், நெருக்கமாக நெய்யப்பட்ட துணியாலான, எல்லாப் பக்கமும் மூடி ஜிப் வைத்த உறைகளைப் போட வேண்டும். மேற்பரப்பை மட்டும் மூடும் விரிப்பு போதாது. துணியின் நுண்துளை 6 மைக்ரானுக்கு மேல் இல்லாதிருந்தால் உண்ணியும் அதன் கழிவும் வெளியே வர முடியாது; புதிதாக உதிரும் தோல் உள்ளே போய்ச் சேராததால், உள்ளே இருப்பவற்றுக்கு உணவும் நின்றுவிடும். வாங்கும்போது நுண்துளையின் அளவு அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறுமனே ஒவ்வாமை தராதது என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. அதே அறையில் இன்னொருவர் தூங்கும் படுக்கை இருந்தால் அதற்கும் உறை வேண்டும். உறையை அடிக்கடி கழற்ற வேண்டியதில்லை, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

உறைக்கு மேல் விரிக்கும் விரிப்பு, தலையணைத் துணி, போர்வை ஆகியவற்றை வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். வெந்நீரிலா, குளிர்ந்த நீரிலா என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. டெர் பி 1 நீரில் கரையக்கூடியது. ஆகவே, சாதாரண நீரில் சோப்புத்தூள் போட்டுத் துவைத்தாலும், ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஒவ்வாமைப் புரதத்தின் பெரும்பகுதி போய்விடும். ஆனால் உயிருள்ள உண்ணிகள் துணி இழைகளைப் பற்றிக்கொண்டு பிழைத்துவிடும். அவற்றைக் கொல்ல 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். துணி அந்தச் சூட்டைத் தாங்காது என்றால், குளிர்ந்த நீரில் அடிக்கடி துவைப்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் துணிப் பொம்மையைத் துவைக்க முடியாதபோது, ஒரு பையில் கட்டி ஓரிரு நாள் உறைபெட்டியில் வைத்தால் உண்ணிகள் இறந்துவிடும். இறந்தாலும் கழிவு பொம்மையிலேயே இருக்கும் என்பதால், முடிந்தபோது அலசுவது நல்லது. குழந்தைக்கு மிகப் பிடித்த பொம்மையைப் பிடுங்கி எறிவதற்கு முன் இந்த வழியை முயன்று பார்க்கலாம்.

மெத்தையை வெயிலில் போடுவது பயன் உள்ளதா என்றால், ஓரளவு உண்டு. ஈரம் போவதும் சூடேறுவதும் உண்ணிக்குக் கேடு விளைவிப்பவையே. ஆயினும் தடித்த மெத்தையின் நடுப்பகுதிவரை அந்தச் சூடு ஒரே சீராக எட்டுவதில்லை. உண்ணிகள் இறந்தாலும் அவற்றின் உடற்கூறுகளும் கழிவும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. உண்ணிகளைக் கொல்லும் மருந்துத் தெளிப்புகளை முழுமையாக நம்ப முடியாததற்கும் இதுவே காரணம். பழைய பஞ்சுத் தலையணையை மாற்ற நினைப்பவர்கள் கவனிக்க இன்னொரு செய்தி: இறகுத் தலையணையைவிடச் செயற்கை இழைத் தலையணையில் உண்ணி குறைவாக இருக்கும் என்ற பரவலான நம்பிக்கைக்கு ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பதைவிட, மேலே போர்த்தியிருக்கும் துணி எவ்வளவு நெருக்கமாக நெய்யப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம்.

காற்றிலுள்ள ஈரம்

தூசி உண்ணி நீர் அருந்துவதில்லை. அதன் முன்கால்களின் அடிப்பகுதிக்கு அருகிலுள்ள சுரப்பிகள், காற்றின் நீராவியை ஈர்க்கும் உப்புக் கரைசலைச் சுரக்கின்றன; அந்தக் கரைசல் வாய்ப்பக்கம் வழிந்து உடலுக்குள் செல்வதால்தான் அதற்கு நீர் கிடைக்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் நீண்ட காலம் 50 சதவீதத்துக்குக் கீழே நின்றால் இந்த ஏற்பாடு பயனற்றுப்போய் உண்ணிகள் வறண்டு மடியும். 70 முதல் 80 சதவீதம்வரை இருந்தால் பெருகும். ஒரு நாளில் சில மணி நேரம் மட்டும் ஈரம் உயர்ந்தாலும் அவை தாக்குப்பிடித்துவிடும் என்பதால், எப்போதோ ஒருநாள் உலர்த்துவதால் பயனில்லை.

ஈரப்பதத்தைக் காட்டும் சிறிய அளவி ஒன்றைப் படுக்கையறையில் வைத்துச் சில நாள் பார்த்தால் வீட்டின் நிலை புரியும். சமையல், குளியல், அறைக்குள் துணி உலர்த்துதல், பலர் ஒரே மூடிய அறையில் தூங்குதல் ஆகிய எல்லாமே ஈரத்தைக் கூட்டுகின்றன. சமையலறையிலும் குளியலறையிலும் வெளியேற்றும் விசிறியை ஓடவிடுவது, உள்ளே துணி உலர்த்துவதைத் தவிர்ப்பது ஆகியவை எளிய தொடக்கம். சன்னலைத் திறந்து வையுங்கள் என்ற அறிவுரை எல்லா இடத்துக்கும் எல்லாப் பருவத்துக்கும் பொருந்தாது. வெளிக்காற்று உள்காற்றைவிட உலர்ந்திருக்கும்போது மட்டுமே அது ஈரத்தைக் குறைக்கும். ஆண்டின் பெரும்பகுதி புழுக்கமாக இருக்கும் இடங்களில் ஈரநீக்கி இயந்திரமோ ஏசியோ இல்லாமல் 50 சதவீதத்தை எட்டுவது அரிது. அங்கே வாழ்கிறவர்கள் எட்ட முடியாத அந்த எண்ணைத் துரத்தி அலுத்துப்போவதைவிட, உறையிலும் துவைப்பதிலும் உழைப்பைக் குவிப்பது நல்லது.

உண்ணிக்கு உகந்த அதே ஈரம் பூஞ்சைக்கும் உகந்தது. ஆல்டர்னேரியா, கிளாடோஸ்போரியம், அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் ஆகிய பூஞ்சைகள் வீடுகளில் பரவலாகக் காணப்படுகின்றன. சுவரோடு ஒட்டிப் போட்ட அலமாரியை ஓரடி இழுத்துப் பார்த்தால், அதன் முதுகுப் பலகையிலும் எதிர்ச் சுவரிலும் மங்கிய பச்சை நிறத்திலோ கருமையாகவோ வட்டவட்டமான புள்ளிகள் படர்ந்திருப்பதையும், மூடி வைத்த பழைய நூலின் வாசனைபோல ஒரு வாடை எழுவதையும் காணலாம். காற்று ஓடாத அந்த இடுக்கில் குளிர்ந்த சுவரின் மேல் ஈரம் படிந்ததுதான் காரணம். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட, கட்டடங்களுக்குள் ஈரமும் பூஞ்சையும் பற்றிய வழிகாட்டுதல்கள், ஈரமான வீடுகளில் வாழ்வதற்கும் ஆஸ்துமா உள்ளிட்ட மூச்சுக் கோளாறுகளுக்கும் தொடர்பு இருப்பதை எடுத்துரைத்தன.

பூஞ்சையைத் துடைப்பது பாதி வேலைதான். நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டு அடைக்காவிட்டால் சில வாரங்களில் மீண்டும் படரும். அதன்மேல் வண்ணம் பூசி மறைப்பதும் நிலைக்காது. கசியும் குழாயையும் ஒழுகும் கூரையையும் முதலில் சரிசெய்து, வழவழப்பான கெட்டியான பரப்புகளைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, முற்றிலும் உலரவிட வேண்டும். நனைந்த தரைவிரிப்பு, அட்டை, பஞ்சு போன்றவற்றை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்த முடியாமல் போய்ப் பூஞ்சை ஊன்றிவிட்டால், அவற்றை வெளியேற்றுவதே நல்லது. இறந்த பூஞ்சை வித்துகளும் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால், வெளுப்பான் ஊற்றிக் கொன்றுவிட்டோம் என்று விட்டுவிடக் கூடாது. ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர் இந்த வேலையைத் தாமே செய்யாமல், வேறொருவரைக் கையுறையும் முகக்கவசமும் அணிந்து செய்யச் சொல்ல வேண்டும்.

செல்லப் பிராணிகள்

இந்தப் பகுதியை எழுதுவது கடினம். ஏனெனில் இங்கே குறைக்கச் சொல்வது தூசியை அல்ல, வீட்டில் ஒருவராகவே வாழும் உயிரோடுள்ள நெருக்கத்தை. பூனையின் முடிதான் ஒவ்வாமைக்குக் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஃபெல் டி 1 என்னும் புரதம் பூனையின் தோல் சுரப்பிகளிலும் உமிழ்நீரிலும் உருவாகிறது. பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது முடியில் பூசப்பட்டு, உலர்ந்து, மிக நுண்ணிய துகள்களாக உதிர்கிறது. இவற்றில் ஒரு பகுதி 5 மைக்ரானுக்கும் சிறியது; உண்ணிக் கழிவைப் போலச் சட்டென்று கீழே படியாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். பூனை இருக்கும் வீட்டுக்குள் நுழைந்த சில நிமிடங்களிலேயே சிலருக்குக் கண் அரிப்பதும் மூச்சு இறுகுவதும் இதனால்தான். ஆடைகளில் ஒட்டிக்கொண்டு பள்ளி, அலுவலகம் என்று பயணம் செய்வதால், பூனையே இல்லாத வீடுகளிலும் இந்தப் புரதம் காணப்படுகிறது.

முடி குறைந்த இனமோ முடி உதிராத இனமோ முற்றிலும் ஒவ்வாமை தராது என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். அப்படி ஓர் இனம் பூனைகளிலும் இல்லை, நாய்களிலும் இல்லை. ஒரே இனத்துக்குள்ளேயே ஒன்றுக்கொன்று புரத அளவு பெரிதும் வேறுபடும். பிராணியை வேறு வீட்டுக்கு அனுப்புவதுதான் மிகவும் உறுதியான வழி என்பதை மறைப்பதற்கில்லை. அனுப்பிய பிறகும் வீட்டிலுள்ள பூனைப் புரதம் தணிய நான்கு முதல் ஆறு மாதங்கள், சில வேளை அதற்கும் மேல் ஆகும் என்பதால், இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியவில்லையே என்று முடிவெடுத்துவிடக் கூடாது. அனுப்ப மனம் வராதவர்கள், தொல்லை கடுமையாக இல்லாத நிலையில், பிராணியைப் படுக்கையறைக்குள் எந்நேரமும் விடாமல் இருப்பது, துணி மூடிய சோபாக்களையும் தரைவிரிப்புகளையும் குறைப்பது, மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி கொண்ட காற்றுச் சுத்திகரிப்பானைப் படுக்கையறையில் ஓடவிடுவது ஆகிய மூன்றையும் ஒருசேரச் செய்து பார்க்கலாம். நாயை வாரம் இருமுறை குளிப்பாட்டினால் புரதம் குறையும். பூனையைக் குளிப்பாட்டிக் கிடைக்கும் பலன் சில நாள்களே நிற்கும், பூனையும் அதை விரும்பாது. ஆனால் குழந்தைக்கு அடிக்கடி இழுப்பு வந்து மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும் வீட்டில், இந்த இடைவழிகளோடு நின்றுவிடுவது சரியல்ல.

கரப்பான் பூச்சி, மகரந்தம், புகை

கரப்பான் பூச்சியின் கழிவு, உமிழ்நீர், உதிர்ந்த உடல் துணுக்குகள் ஆகியவற்றிலுள்ள புரதங்கள் ஆஸ்துமாவைக் கடுமையாக்கக் கூடியவை. அமெரிக்காவின் நெரிசலான நகரப் பகுதிகளில் வாழும் ஆஸ்துமாக் குழந்தைகளைப் பற்றி 1997இல் வெளியான பெரிய ஆய்வில், கரப்பான் பூச்சியிடம் ஒவ்வாமை கொண்டு, படுக்கையறையில் அதன் புரதமும் மிகுந்திருந்த குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது தெரியவந்தது. உணவையும் நீரையும் கிடைக்காமல் செய்வதுதான் இதற்கு அடிப்படை மருந்து: மூடிய டப்பாக்கள், இரவில் கழுவி வைத்த பாத்திரங்கள், மூடியுள்ள குப்பைத்தொட்டி, ஒழுகாத குழாய், அடைக்கப்பட்ட சுவர் இடுக்குகள். பூச்சி நடமாடும் மூலைகளில் சிறு சிறு பொட்டுகளாக இடும் ஜெல் மருந்து, அறை முழுதும் தெளிக்கும் மருந்தைவிட ஏற்றது. தெளிப்பு மருந்தின் நெடியே ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பை வரவழைக்கக்கூடும். பூச்சி ஒழிந்த பின்னும் புரதம் மாதக்கணக்கில் தங்கியிருக்கும் என்பதால், அலமாரியின் உட்புறம், அடுப்பின் பின்புறம் ஆகிய இடங்களைச் சோப்பு நீரால் நன்கு கழுவ வேண்டும்.

மகரந்தம் வெளியிலிருந்து வருவது. அது மிகும் பருவத்தில் சன்னலை மூடி வைப்பதும், வெளியே சென்று வந்ததும் உடை மாற்றுவதும், படுக்கைக்குப் போகும் முன் தலையை அலசுவதும் உதவும்.

புகை, வாசனைத் திரவியம், நறுமணம் பரப்பும் மெழுகுவர்த்தி போன்றவை ஒவ்வாமைக் காரணிகள் அல்ல, எரிச்சலூட்டிகள். நோய் எதிர்ப்பு மண்டலத்தின் துணையில்லாமலேயே இவை மூச்சுக்குழாயை உறுத்துகின்றன. ஏற்கெனவே ஒவ்வாமையால் வீங்கிச் சிவந்திருக்கும் மூச்சுக்குழாய்க்கு இந்த உறுத்தல் இரட்டிப்புத் துன்பம். வீட்டுக்குள் ஒருவர் புகைபிடித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் மெத்தைக்கு உறை மாட்டிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

துடைக்கும் முறையும் கருவிகளும்

உலர்ந்த துணியால் தட்டுவதும் விளக்குமாற்றால் வேகமாகப் பெருக்குவதும் தூசியை ஓரிடத்திலிருந்து காற்றுக்கு மாற்றுகின்றன. ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைப்பது அதைத் துணியிலேயே பிடித்துக்கொள்ளும். அலமாரியின் உச்சி, மின்விசிறியின் இறக்கை, சன்னல் சட்டம், கட்டிலின் அடி என்று கை எளிதில் எட்டாத இடங்களில்தான் தூசி தடித்துப் படிந்திருக்கும். தரைவிரிப்பும் கனமான திரைச்சீலையும் தூசியின் கிடங்குகள். ஒவ்வாமை உள்ளவருடைய படுக்கையறையில் கெட்டியான தரையும் துவைக்கத்தக்க மெல்லிய திரையும் இருப்பது நல்லது. வேக்குவம் கிளீனர் பயன்படுத்துவோர், உறிஞ்சிய நுண்துகளைப் பின்பக்கமாக வெளியே விடாதபடி ஹெப்பா வடிகட்டி பொருத்திய, காற்றுக் கசியாத இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தக் கருவியாக இருந்தாலும் சுத்தம் செய்யும்போது தூசி கிளம்பத்தான் செய்யும். ஒவ்வாமை உள்ளவர் அந்த நேரத்தில் அறைக்கு வெளியே இருப்பதும், அவரே செய்ய வேண்டியிருந்தால் முகக்கவசம் அணிந்துகொள்வதும் அவசியம். ஏசியின் வடிகட்டியைத் தயாரிப்பாளர் சொல்லும் கால இடைவெளியில் கழுவ வேண்டும்.

ஹெப்பா என்ற தரத்துக்குரிய வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். எண் பெரிதாக இருந்தாலும், சுத்திகரிப்பான் பிடிப்பது தன்னிடம் வந்து சேரும் துகளை மட்டுமே. காற்றில் மிதக்கும் பூனைப் புரதம், மகரந்தம், புகைத்துகள் ஆகியவற்றுக்கு அது உதவும். தலையணைக்குள் கிடக்கும் உண்ணிக் கழிவுக்கு அதனால் பயன் சொற்பம். அறையின் பரப்புக்கு ஏற்ற திறன் உள்ளதாக வாங்க வேண்டும். ஓசோனை உருவாக்கிக் காற்றைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கருவிகளை வாங்கவே கூடாது. ஓசோன் நுரையீரலை எரிக்கும் வாயு.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

ஒரே ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டுப் பெரும் பலனை எதிர்பார்ப்பது சரியல்ல என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வயதுவந்த ஆஸ்துமாக்காரர்களிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், ஒவ்வாமைத் தடுப்பு உறைகளை மட்டும் பயன்படுத்தியவர்களுக்கும் சாதாரண உறை பயன்படுத்தியவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மறுபுறம், அமெரிக்காவின் ஏழு நகரப் பகுதிகளில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்துமாக் குழந்தைகளிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு குழந்தைக்கும் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பரிசோதித்து, அதற்கேற்ப உறை, வடிகட்டி, பூச்சி ஒழிப்பு, புகை தவிர்ப்பு எனப் பலவற்றைச் சேர்த்துச் செய்தபோது, தொல்லை உள்ள நாள்கள் குறைந்தன. அந்தப் பலன் அடுத்த ஆண்டும் நீடித்தது. காரணியைக் கண்டறிந்து, அதற்குரிய பல வழிகளை ஒன்றாகக் கையாளுவதற்கும், கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக முயல்வதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உணரலாம்.

இந்த வேலைகளின் பலன் தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகும். அதுவரை மருந்தை நிறுத்தக் கூடாது. நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் மூக்குத் தெளிப்பான், இன்ஹேலர் ஆகியவற்றின் அளவைக் குறைப்பது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. வீட்டைத் திருத்தியும் மருந்து எடுத்தும் அடங்காத ஒவ்வாமைக்கு, காரணியையே மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி உடலைப் பழக்கும் சிகிச்சை உண்டு. லண்டனில் லெனர்ட் நூன் 1911இல் மகரந்த ஒவ்வாமைக்குச் செய்து பார்த்த அந்த முறை, இன்று ஊசியாகவும் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையாகவும் மருத்துவர் கண்காணிப்பில் தரப்படுகிறது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், இன்ஹேலர் எடுத்தும் இழுப்பு தணியாவிட்டாலும், தூசியைப் பற்றி யோசித்துக்கொண்டிராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.